கதவுக்கு வெளியே ஓர் ஆள்

பிள்ளைப்பாக்கம்
18-6-2024
எண் 1

பரிதிக்கு அம்மா எழுதுவது.

இதை எழுத உட்காரும்போது வீட்டில் இருப்பவர்கள் நான்கு பேர். நான். உன் அப்பா, தண்ணீர் மோட்டாரைச் சரி செய்கிறேன் என்று பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். உன் அக்கா மதிவதனி; பி ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வரும் நேரம், தலை வாரிக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டு மெர்சி. இஸ்திரிப் பெட்டி கேட்டு வந்தவள், உன் பேச்சு வந்ததும் உட்கார்ந்துவிட்டாள். நால்வரும் நலம். அப்பாவுக்கு மட்டும் முட்டி வலி.

சனிக்கிழமை பஜனைக்கு நான் நோட்டுப் போடுவது உனக்குத் தெரியும். வந்தவர் பெயர் முதலில், பாடின பாட்டு பிறகு. "யார் வந்தாங்க, யார் வரலைன்னு பெருமாளுக்குத் தெரியாதா?" என்று அப்பா கிண்டல் செய்வார். அவருக்குத் தெரியும், எனக்கு மறந்துபோகும், அதற்குத்தான் நோட்டு. நீயும் அப்படியே எழுது. அறையில் யார் யார் என்று முதலில் பெயர் போடு, அப்புறம் விஷயம். பெயர்களைப் படித்தால் நீ எங்கே, யாருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாய் என்று கண்ணுக்குத் தெரியும். என் கடிதங்களுக்கு எண் போட்டிருக்கிறேன். எந்த எண் கிடைத்தது என்று பதிலில் சொல்.

போன் கூடாது, இரண்டாம் ஞாயிறும் நாலாம் ஞாயிறும்தான் பிள்ளைகள் கடிதம் எழுதலாம், அதையும் ஒட்டாமல் ஆபீசில் கொடுக்க வேண்டும் என்றார்கள். பதினாலு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஸ்டாம்பு ஒட்டுகிறேன். "என் தம்பிக்கு மட்டும் புறா வுடணும் போலக் கீதே" என்று மதி சிரிக்கிறாள்.

அப்பாவுக்கு நடையே மாறிவிட்டது. இருபது வருஷம் கார்டினர் கிராண்ட் ஓட்டலில் வேலை பார்த்தவர். வெள்ளைக்காரன் கட்டின கட்டடம். ஓட்டல் மூடி, புதர் மண்டிக் கிடந்தபோதும் சாவிக்கொத்து அவரிடம்தான் இருந்தது. அதில்தான் இப்போது உங்கள் பள்ளிக்கூடம். நீ சேர்ந்த அன்று உங்கள் கமாண்டன்ட்டுக்கு ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினார் அல்லவா? மாடியிலிருந்து சமையலறைக்குக் கீழே இருக்கும் ஐஸ் ரூம் வரைக்கும் காட்டிவிட்டு, சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தாராம். அதை மட்டும் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டார். "நான் ரூம் பாயா நின்ன எடத்துல என் புள்ள ஆபீசரா நிப்பான்" என்கிறார். நீ நன்றாக நின்றால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அம்மா, கிளியம்மாள்


ஜெயகேசரி படைப்பயிற்சிப் பள்ளி
23-6-2024

அம்மாவுக்கு வணக்கம்.

எண் 1 கிடைத்தது. அறை எண் 9-இல் இருப்பவர்கள் ஆறு பேர்: நான், மாரிராஜ், பிரசன்னா, அறிவுமதி, அன்பு, ஜோயல். ஜோயல் தூங்குகிறான். தூங்குகிறவனைச் சேர்க்கலாமா என்று உங்கள் நோட்டில் பார்த்துச் சொல்லவும்.

அப்பா சொன்ன டான்ஸ் ஹாலில்தான் சாப்பாடு. வெள்ளைக்காரர்கள் ஆடிய மரத்தரையில் நாங்கள் உப்புமா சாப்பிடுகிறோம். நீச்சல் குளத்தில் தண்ணீர் இல்லை. அடியில் ஊதா ஓடு மேல் முழங்கையால் ஊர்ந்து போவதுதான் பயிற்சி. முழங்கை தேய்ந்திருக்கிறது, பயப்படாதீர்கள், எல்லோருக்கும் அப்படித்தான்.

மாரிராஜ் என் மேல்கட்டில். வள்ளியூர்ப் பக்கம். அவன் அப்பா ஊரில் இருக்கிறார். அவன் அம்மா இசக்கிசெல்வி ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை செய்துகொண்டு லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறார்கள். இவன் யாரைப் போல வேண்டுமானாலும் பேசுவான். நேற்று ஹவில்தார் சார் குரலில், "ஏலே, இது காலா, கருக்குமட்டையா? தூக்குலே மேல!" என்றான். வரிசை முழுவதும் சிரித்தது. ஹவில்தார் சார் பின்னால் நின்றிருந்தார். ஆறு பேரும் குளத்தை நான்கு முறை ஊர்ந்தோம்.

அக்காவிடம் என் சைக்கிளைத் தொட வேண்டாம் என்று சொல்லவும்.

உங்கள் மகன்,
இளம்பரிதி


பிள்ளைப்பாக்கம்
2-7-2024
எண் 2

பரிதிக்கு அம்மா எழுதுவது.

வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். மதி ஓவர்டைம். நலம்.

தூங்குகிறவனையும் சேர்க்கலாம். பஜனைக்கு வந்து தூங்குகிற கோமளா மாமியை நான் ஆறு வருஷமாகச் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மாரிராஜ் செய்ததை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்க வைக்கிற பிள்ளை பக்கத்தில் இருப்பது நல்லது. ஆனால் வரிசையில் நிற்கும்போது நீயும் சேர்ந்து சிரிக்காதே. மெர்சிக்கு உங்கள் பள்ளிக்கூடத்திலேயே துணி துவைக்கும் வேலை கிடைத்திருக்கிறது. திங்களும் வெள்ளியும் மூட்டை எடுக்க வருவாள். உன்னைப் பார்த்தாலும் பேசக் கூடாதாம்.

அப்பா ஒன்று கேட்கச் சொன்னார். ஐஸ் ரூமை இப்போது என்ன செய்கிறார்கள்? ரூம் என்று பெயர்தான். சுவரில் அலமாரி மாதிரி ஒன்று, உள்ளே தக்கை அடித்து, இரும்புக் கதவு போட்டது. ஓர் ஆள் நின்றால் இரண்டு தோளும் இடிக்கும். கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். அதனால் அந்தக் காலத்தில் ஒரு சட்டம் இருந்ததாம். "ஐஸ் எடுக்க ஒருத்தன் உள்ள போனா, கதவாண்ட ஒருத்தன் நிக்கணும். நிக்கிறவன் மூத்திரம் போவக்கூட நகரக் கூடாது. மேனேஜர் கூப்ட்டாலும் போவக் கூடாது." இதைச் சொல்லும்போது அவர் குரலே வேறாக இருந்தது.

நேரத்துக்குச் சாப்பிடு.
அம்மா


ஜெயகேசரி படைப்பயிற்சிப் பள்ளி
14-7-2024

அம்மாவுக்கு வணக்கம்.

எண் 2 கிடைத்தது. அறையில் ஆறு பேர்: நான், மாரிராஜ், பிரசன்னா, அறிவுமதி, அன்பு, ஜோயல் (விழித்திருக்கிறான்).

ஒரு நல்ல செய்தி. என்னை செக்‌ஷன் லீடர் ஆக்கியிருக்கிறார்கள். தோளில் சிவப்புப் பட்டை. கமாண்டன்ட் சார் எல்லோர் முன்பும், "இவன் தந்தை இந்தக் கட்டடத்துக்கு உழைத்தவர்" என்றார். அப்பாவிடம் சொல்லவும்.

அப்பா கேட்ட ஐஸ் ரூமுக்கு இப்போது மௌன அறை என்று பெயர். அணிவகுப்பில் சிரித்தால், பேசினால் அதில் பத்து நிமிடம் நிற்க வேண்டும். கதவை மூடித் திறப்பது செக்‌ஷன் லீடர் பொறுப்பு. ஹவில்தார் சார் விசில் அடித்ததும் திறப்பேன். பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. மாரிராஜ் மூன்று முறை நின்றுவிட்டான். கேட்டதற்கு, "உள்ளார எம் மூஞ்சியே எனக்குத் தெரியல மக்கா. பெறவு யாரப் பாத்துச் சிரிக்க?" என்றான். எனக்குத்தான் சிரிப்பு வந்தது. லீடர் ஆனதால் அடக்கிக்கொண்டேன்.

அப்பா முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறாரா?

உங்கள் மகன்,
இளம்பரிதி


பிள்ளைப்பாக்கம்
19-7-2024
எண் 3

பரிதிக்கு அம்மா எழுதுவது.

வீட்டில் மூவரும் இருக்கிறோம். மூவரும் சொல்லித்தான் எழுதுகிறேன். இதை இரண்டு தரம் படி. ஆபீசில் இதைப் பிரித்துப் படிக்கும் ஐயா யாராக இருந்தாலும் அவரும் தயவுசெய்து படிக்க வேண்டும்.

உன் கடிதத்தைப் படித்ததும் அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். மதிதான் விடாமல் கேட்டாள். "இன்னாப்பா ஆச்சு? சொல்லித் தொலையேன்."

அந்த ஐஸ் ரூமில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று காற்றுப் போக இரண்டு ஓட்டை வெள்ளைக்காரன் காலத்திலேயே வைத்திருந்தானாம். 2009-இல் ஒரு கல்யாணப் பார்ட்டி நேரத்தில் கீழ் ஓட்டை வழியாகப் பெருச்சாளி வந்து வெண்ணெயை எல்லாம் தின்றுவிட்டது. வேலை போய்விடுமோ என்று பயந்து, அப்பா யாரிடமும் சொல்லாமல் இரண்டு ஓட்டையையும் சிமெண்ட் வைத்து அடைத்து, மேலே தக்கையும் ஒட்டிவிட்டார். மேனேஜருக்கே தெரியாது. வெளியே எப்போதும் ஓர் ஆள் நின்றதால் அன்று ஒன்றும் ஆகவில்லை. கமாண்டன்ட்டுக்குச் சுற்றிக் காட்டிய அன்றும் இதைச் சொல்ல வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டார். "உள்ள நின்னு தொண்டை கிழியக் கத்துனாலும் வெளிய ஈ பறக்கிற சத்தங்கூடக் கேக்காது சார்" என்று பெருமையாகச் சொன்னது மட்டும் நினைவிருக்கிறதாம்.

நேற்று வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூட கேட் வரைக்கும் வந்தார். உள்ளே விடவில்லை. ஆபீசுக்குப் போன் செய்தோம். கட்டடத்துக்கு என்ஜினியர் சர்டிபிகேட் இருக்கிறது, கவலைப்பட வேண்டாம் என்று ஒரு பெண் சொல்லி வைத்துவிட்டாள்.

அதனால் உனக்கு எழுதுகிறேன். அதில் காற்று இல்லை. ஐஸும் இல்லாததால் வெந்துபோகும். பத்து நிமிஷத்தில் ஒன்றும் ஆகாது என்கிறார் அப்பா. அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட யாரையும் வைக்காதே. விசிலுக்குக் காத்திருக்காதே.

கிடைத்தது என்று ஒரு வரி எழுது.
அம்மா


ஜெயகேசரி படைப்பயிற்சிப் பள்ளி
28-7-2024

அம்மாவுக்கு வணக்கம்.

எண் 2-க்குப் பிறகு கடிதம் வரவில்லை. எண் 3 எழுதவில்லையா? உடம்பு சரியில்லையா? மற்றவர்களுக்கெல்லாம் வந்திருக்கிறது.

அறையில் ஆறு பேர்: நான், மாரிராஜ், பிரசன்னா, அறிவுமதி, அன்பு, ஜோயல்.

ஆகஸ்ட் 15 அணிவகுப்புக்கு ஒரு பெரிய அதிகாரி வருகிறார். தினமும் வெயில் ஏறும் வரை ஒத்திகை. கொடி பிடிக்க என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அன்று பெற்றோர்கள் வரலாம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வர வேண்டும்.

மாரிராஜ் திருந்தவில்லை. இப்போது கமாண்டன்ட் சார் இருமுவதைப் போல இருமுகிறான். விழா முடியும் வரை மௌன அறையை அரை மணி நேரமாக ஆக்கிவிட்டார்கள். வெளியே வந்தபோது அவன் கொஞ்சம் வாந்தி எடுத்தான். நான் என் தண்ணீரைக் கொடுத்தேன். லீடராக இருந்துகொண்டு நண்பனாக இருப்பது சிரமமாக இருக்கிறது, அம்மா.

பதில் எழுதவும்.

உங்கள் மகன்,
இளம்பரிதி


பிள்ளைப்பாக்கம்
2-8-2024
எண் 4

பரிதிக்கு அம்மா எழுதுவது.

வீட்டில் நானும் அப்பாவும். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

எண் 3-ஐ 19ஆம் தேதி நானே போய் போஸ்ட் ஆபீசில் போட்டேன். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அது ஏன் உன் கைக்கு வரவில்லை என்று எனக்குப் புரிகிறது. அதில் இருந்ததை மறுபடி எழுதினால் இதுவும் வராது. ஆகையால் எழுதவில்லை. மூட்டைக்குள் வைத்துக் கொடுக்க முடியுமா என்று மெர்சியைக் கேட்டேன். "வேணாங்க்கா. துணிக்குள்ள காயிதம் கீதுன்னு தெரிஞ்சா என் வேல பூடும். மூணு புள்ளைங்கள வெச்சுகினு நான் எங்க போவேன்?" என்று அழுதாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

15ஆம் தேதி அப்பாவும் நானும் வருகிறோம். அப்பா உன்னிடம் நேரில் ஒன்று சொல்வார். உடனே கமாண்டன்ட்டிடமும் சொல்வார். இன்னும் பதின்மூன்று நாள்தான்.

அதுவரைக்கும் ஒன்றே ஒன்று. நீ நிற்கும் இடத்தைவிட்டு நகராதே. யார் கூப்பிட்டாலும் நகராதே. அப்பாவின் ஓட்டல் சட்டத்தை நினைத்துக்கொள்.

அம்மா


ஜெயகேசரி படைப்பயிற்சிப் பள்ளி
11-8-2024

அம்மாவுக்கு வணக்கம்.

அறை எண் 9-இல் இருப்பவர்கள்: நான், பிரசன்னா, அறிவுமதி, அன்பு, ஜோயல்.

நான் நலம். கண்வலி பரவுவதால் 15ஆம் தேதி பெற்றோர் வர வேண்டாம் என்று அறிவித்திருக்கிறார்கள். உணவு நன்றாக இருக்கிறது. ஒத்திகை நன்றாக நடக்கிறது. நான் கொடி பிடிக்கிறேன். நான் நலமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
இளம்பரிதி


ஜெயகேசரி படைப்பயிற்சிப் பள்ளி
அலுவலகம்
20-8-2024

பெறுநர்: திருமதி கோ. கிளியம்மாள், பிள்ளைப்பாக்கம்.

அம்மையீர்,

தங்கள் 16-8-2024 தேதியிட்ட, எண் 5 எனக் குறிக்கப்பட்ட கடிதம் மாணவருக்கு வழங்கப்படாமல் இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது. பிற மாணவர்களைப் பற்றிப் பெற்றோர் விசாரிப்பது பள்ளி விதிகளுக்கு முரணானது. தாங்கள் குறிப்பிட்டுள்ள மாணவர் 6-8-2024 அன்று அனுமதியின்றிச் சுற்றுச்சுவரைத் தாண்டி வெளியேறியவர். இது குறித்துக் காவல் நிலையத்தில் முறைப்படி தகவல் தரப்பட்டுள்ளது.

விழா நாளன்று அனுமதியின்றி வாயிலில் நின்றதும், வேறொரு பெண்மணியுடன் சேர்ந்து குரல் எழுப்பியதும் வருந்தத்தக்கது. தங்கள் மகன் நல்ல உடல்நலத்துடன் உள்ளார். அவரது ஒழுக்கத்தைப் பாராட்டி சீனியர் லீடராகப் பதவி உயர்வு அளிக்கப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

நிர்வாக அலுவலர்


ஜெயகேசரி படைப்பயிற்சிப் பள்ளி
25-8-2024

அம்மாவுக்கு,

அறையில் ஐந்து பேர்.
நான் நலம்.
எனக்கு இனிமேல் கடிதம் எழுத வேண்டாம்.
அப்பா சாப்பிடுகிறாரா?

இளம்பரிதி


பிள்ளைப்பாக்கம்
12-9-2024
எண் 6

பரிதிக்கு அம்மா எழுதுவது.

வீட்டில் இருப்பவர்கள் ஐந்து பேர். நான், அப்பா, மதி, மெர்சி, மாரிராஜின் அம்மா இசக்கிசெல்வி.

இது தபாலில் வராது. மெர்சி உன் துவைத்த சட்டைக்குள் வைத்துத் தருவாள். அவளாகவே வந்து கேட்டாள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் இதில் எது உனக்குத் தெரியும், எது தெரியாது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் 11ஆம் தேதிக் கடிதத்தில் இருந்த பெயர்களை முந்தின மூன்றுக்கும் கீழே நோட்டில் எழுதினேன். ஆறு, ஆறு, ஆறு, ஐந்து. இரண்டாவதாக வரும் பெயர் இல்லை. நான் தப்பாக எழுதிவிட்டேனோ என்று மறுபடி உன் கடிதத்தைப் பார்த்தேன். அப்பாவிடம் காட்டினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றார். எங்கே போவது என்று தெரியாமல் நின்றார்.

வர வேண்டாம் என்றாலும் 15ஆம் தேதி வந்தோம். கேட்டுக்கு வெளியே ஒரு பெண், தன் மகனின் போட்டோவை வைத்துக்கொண்டு நின்றாள். அவள்தான் இசக்கிசெல்வி. அவன் டிரங்குப் பெட்டியைக் கேட்டு வந்தவளை உள்ளே விடவில்லை. "எம் மவன் செவரு ஏறிக் குதிச்சு ஓடிட்டானாம்லா. அவனுக்கு முருங்க மரத்துல ஏறவே பயம்க்கா" என்றாள். எங்கே இருக்கிறான் என்று கேட்டேன். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில். ஏழு நாள் தேடிவிட்டு, 13ஆம் தேதி, பெயர் தெரியாதவர்கள் படுத்திருக்கும் வார்டில் அவளே கண்டுபிடித்திருக்கிறாள். ரோட்டோரம் கிடந்தான் என்று யாரோ ஒரு வேனில் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கீழே விழுந்ததால் அடி என்று சீட்டில் எழுதியிருக்கிறது.

அப்பா அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தலையில காயம் கீதாம்மா?"

"ஒரு கீறல்கூட இல்லண்ணே" என்றாள்.

அப்பா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். உள்ளே பேண்டு வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நீ கொடி பிடித்திருப்பாய்.

அங்கேயே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஓட்டை அடைத்தது, சாவி கொடுத்தது, பெருமை பேசினது. அவள் அவரை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கேட்டைப் பார்த்துக் கத்தினாள். நானும் கத்தினேன்.

மாரிராஜை இதுவரை நான்கு முறை பார்த்துவிட்டோம். கண் திறந்திருக்கிறது. யாரையும் பார்க்கவில்லை. மூக்கு வழியாகக் கஞ்சி போகிறது. காற்றும் இல்லாமல் சூட்டில் வெந்ததால் மூளை கெட்டிருக்கலாம், விழுந்த அடி மாதிரி தெரியவில்லை என்று ஒரு டாக்டரம்மா வாயால் சொல்கிறாள். எழுதித் தர மாட்டேன் என்கிறாள். யாராவது பார்த்தவர்கள் சொன்னால் எழுதுவாளாம்.

செப்டம்பர் ஒன்றாம் தேதி உன்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தோம். பையில் உன் பச்சைச் சட்டையை எடுத்துக்கொண்டு வந்தேன். ஆபீசில் ஒரு சீட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். "பெற்றோரைச் சந்திக்க விருப்பமில்லை. இளம்பரிதி." உன் கையெழுத்து. யாரோ சொல்லி எழுதினாய் என்று மதி சொல்கிறாள். நான் அந்தச் சீட்டைப் பார்த்தேன். அடித்தல் திருத்தல் இல்லை. நீயேதான் எழுதியிருக்கிறாய்.

அன்றிலிருந்து நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், பரிதி. பிள்ளை அம்மாவைப் பார்க்க மாட்டேன் என்றால் கோபமாக இருக்கலாம். உனக்கு எங்கள் மேல் என்ன கோபம்? ஒன்றும் இல்லை. அப்படியானால் வேறு ஒன்றுதான் இருக்க முடியும்.

போன வெள்ளிக்கிழமை மெர்சி வந்தாள். இசக்கிசெல்வி எங்கள் வீட்டில் இருந்ததைப் பார்த்துவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். ஆகஸ்ட் ஆறாம் தேதி செவ்வாய்க்கிழமை அவளுக்கு முறை இல்லை. ஆனாலும் மத்தியானம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, ஒரே ஒரு செட்டு யூனிபாரத்தைக் கொடுத்திருக்கிறார்கள். பிழிந்தால் தண்ணீர் கொட்டுகிற மாதிரி வேர்வையாம், வாந்தியாம். நகம் உடைந்த இரத்தம் கைப்பக்கத்தில். பெயர்ப்பட்டையில் மாரிராஜ் என்று இருந்ததாம். "நான் தொவைச்சுப் போட்டுட்டேங்க்கா. நல்லாப் போவலன்னு ரெண்டு தபா தொவைச்சேன். இஸ்திரியும் போட்டு மடிச்சுக் குடுத்துட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். இசக்கிசெல்விதான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஒன்பதாம் தேதி கொத்தனார் வந்து ஐஸ் ரூம் வாசலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டுப் போனதையும் மெர்சிதான் சொன்னாள்.

அப்பா போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். காற்று ஓட்டையை அடைத்தவன் நான்தான், பேர் கோதண்டம், என்று தன் கையால் எழுதினார். வாங்கி வைத்துக்கொண்டார்கள். 20ஆம் தேதி குழந்தைகள் நலக் குழுவில் விசாரணை. மனு கொடுக்கப் போனபோது அங்கே ஓர் அம்மா நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள். பழைய ஆள் ஒருவர் அலமாரியைப் பற்றிச் சொல்கிறார், துவைக்கிற பெண் ஒரு சட்டையைப் பற்றிச் சொல்கிறாள், ஆனால் அந்தப் பையன் அன்றைக்கு அதற்குள் இருந்தான் என்று பார்த்தவர் யார்? அவன் ஓடவில்லை என்று சொல்ல ஓர் ஆளாவது வேண்டும் என்றாள்.

கதவை மூடித் திறப்பது செக்‌ஷன் லீடர் என்று நீ எழுதின கடிதம் என்னிடம் இருக்கிறது. அதை நான் இன்னும் யாரிடமும் காட்டவில்லை. இசக்கிசெல்விக்கு மட்டும் நேற்றுக் காலையில் படித்துக் காட்டினேன். அவள் மகனுக்குக் கீழ்க்கட்டிலில் படுத்திருந்தவன் நீ. அவளுக்குத் தெரியாமல் இதை உனக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. கேட்டுவிட்டு, "ஒம் மவன் வயசு என்னக்கா?" என்றாள். பதினாறு என்றேன். "எம் மவனுக்கும் அதுதான்" என்றாள். பிறகு நான் கொடுத்த காப்பியைக் குடித்தாள்.

நான் பஜனை நோட்டை ஒரு மாதமாகத் திறக்கவில்லை. விளக்கு ஏற்றுகிறேன், வாய் வரவில்லை. பத்து நிமிஷம்தானே என்று அப்பா சொன்னபோது, சரி, நம் பிள்ளை வெளியேதானே நிற்கிறான், உள்ளே இல்லையே என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது. எண் 3-ஐ எழுதும்போதே அது என் மனதில் இருந்தது. பெருமாளுக்கு அது தெரியும். உனக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் வேண்டும். ஆகஸ்ட் ஆறாம் தேதி அவனை எத்தனை மணிக்கு உள்ளே விட்டார்கள்? யார் விடச் சொன்னது? கதவை மூடியது யார்? மூடியவன் எங்கே போனான், யார் கூப்பிட்டுப் போனான்? திறந்தது எத்தனை மணிக்கு? என் எண் 4 கிடைத்ததா, கிடைத்திருந்தால் ஆறாம் தேதிக்கு முன்னாலா, பின்னாலா?

மூடியது நீ என்றால் நீ என்று எழுது. நீ எழுதினால் அந்தச் சிவப்புப் பட்டை போகும், படிப்பு போகும், உன்மேல் வழக்கும் வரலாம். அந்தக் குழுவில் இருக்கும் அம்மாவிடம் கேட்டேன், மறைக்காமல் சொன்னாள். நான் உனக்கு மறைக்கவில்லை. விசாரணைக்கு அப்பா வருவார், நான் வருவேன், உன் பக்கத்தில்தான் உட்காருவோம். எழுதாவிட்டால் மாரிராஜ் சுவர் ஏறிக் குதித்து ஓடிய பையனாகவே அந்தக் கட்டிலில் கிடப்பான். அவன் அம்மா வேலைக்குப் போய் முப்பத்தேழு நாள் ஆகிறது.

அப்பா சாப்பிடுகிறாரா என்று கேட்டிருந்தாய். ஒரு வேளை சாப்பிடுகிறார்.

இந்தத் தாளின் பின்பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அதிலேயே எழுதி, திங்கட்கிழமை துவைக்கப் போடும் கால்சட்டைப் பையில் வை. மெர்சி எடுத்து வருவாள். 20ஆம் தேதிக்கு முன்னால் எங்களுக்கு வேண்டும். சீக்கிரம் பதில் எழுது.

அம்மா, கிளியம்மாள்